நாளைக்காரரின் உள்பக்கம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் ஆண்டு மழைக்காலத்தில்தான் அவள் அவரை முதன்முதலில் பார்த்தாள். விரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியதாகிவிட்டது. காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மதிய இடைவேளைக்கு எல்லோரும் எழுந்து போன பிறகு, தான் எழுந்தபோதுதான் சீருடையின் பின்புறம் கறையாகியிருப்பதைக் கண்டாள். வெளிர்நீலச் சீருடை; எதையும் மறைக்காத நிறம். தோழியிடம் மாற்று உடை வாங்கி உடுத்திக்கொண்டு, கறைபட்டதைச் செய்தித்தாளில் சுற்றி, கொட்டும் மழையில் தெருமுனைச் சலவைக் கடைக்கு ஓடினாள்.

கடையில் அவளுக்கு முன்னால் பருமனான ஒருவர் நின்றிருந்தார். அவருடைய மேற்சட்டையை வாங்கிவைத்த கடைக்காரர், "நாளைக்கு வாங்க" என்றார். அந்தத் தெருவில் அவருக்கு நாளைக்காரர் என்றுதான் பெயர். சட்டைப் பொத்தானைத் தைத்துத் தருவதானாலும் நாளைக்குத்தான்.

அவள் பொட்டலத்தை மேசைமேல் வைத்து, கடைக்காரரின் முகத்தைப் பார்க்காமல், "சிவப்பு மை கொட்டிடுச்சு" என்றாள்.

அவர் பொட்டலத்தைப் பிரித்தார். எந்தத் துணி வந்தாலும் முதலில் அதைப் புரட்டி உள்பக்கத்தைப் பார்ப்பது அவருடைய வழக்கம். கறை எங்கிருந்து வந்தது என்பதை உள்பக்கந்தான் சொல்லும். ஒரு கணம் பார்த்தார். பிறகு முன்போலவே சுருட்டித் தாளுக்குள் வைத்துவிட்டார்.

"சிவப்பு மைதான். டைப் மெஷின்ல ரிப்பன் மாத்துறப்ப இப்படித்தான் கொட்டும். ரொம்பப் பொல்லாத மை" என்றவர், "சாயங்காலம் வாங்க. இன்னைக்கே தந்துடறேன்" என்றார்.

பருமனானவருக்குப் பொறுக்கவில்லை. தனக்கு மட்டும் நாளைக்கா என்று கேட்டார்.

"உங்களுது எண்ணெய்க் கறைங்க. அது அவசரப்படாது."

மாலையில் அவள் போனபோது சீருடை மடித்துத் தயாராக இருந்தது. வீட்டுக்கு வந்து புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கறை இருந்த இடமே தெரியவில்லை. அதைவிட அவளை யோசிக்க வைத்தது வேறொன்று. ஒருத்தி சொன்ன பொய்யை வாங்கிக்கொண்டு, அதற்கு ஏற்ற காரணத்தையும் கூடவே மடித்துக் கொடுக்கத் தெரிந்த ஆண்பிள்ளை ஒருவர் இந்தத் தெருவிலேயே இருக்கிறாரே என்று நினைத்தாள். அதன்பின் கறையே படாத துணிகளும் அவருடைய கடைக்குப் போகத் தொடங்கின. மறுமழைக்காலம் வருவதற்குள் திருமணம் நடந்துவிட்டது.

இருவர் குணத்துக்கும் ஏணிவைத்தாலும் எட்டாது. கடையின் பின்கட்டில் சுவரைப் பார்த்தபடி ஒரு மேசை இருந்தது. வந்த துணிகளையெல்லாம் அவர் அங்கே தனியாக நின்றுதான் புரட்டிப் பார்ப்பார். எந்தக் கறையைப் பற்றியும், எப்படி ஆயிற்று என்று கேட்கமாட்டார்; பிறரிடம் சொல்லவும் மாட்டார். ஊரின் பாதி இரகசியம் அவர் வயிற்றில் கிடந்தது. அவளோ வேலையை விட்டுவிட்டுக் கடையின் முன்மேசையில் உட்கார்ந்தபின், பேச்சாலேயே கடையை நிரப்பினாள். துணியைக் கொடுக்க வந்தவர்கள் துணியை மறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவள் வாயைத் திறந்தால் அழுகிற குழந்தையும் நிறுத்திவிட்டுக் கேட்கும் என்பார் அவர். பின்கட்டில் நின்றபடி, சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரிப்பார். அந்தத் தோளைப் பார்ப்பதற்காகவே அவள் இன்னும் இரண்டு சொல் கூட்டிச் சொல்வாள்.

இப்படியே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடின. மகள் மணமாகித் தொலைவில் குடியேறினாள். அவருக்கு ஒருமுறை நெஞ்சுவலி வந்து, இரத்தம் உறையாமலிருக்க நாள்தோறும் ஒரு மாத்திரை என்று ஆயிற்று. பிறகு காரணம் தெரியாத களைப்பு. இரத்தம் குறைந்திருக்கிறது என்றார்கள்; எங்கோ கசிகிறது என்றார்கள். கடைசியில், பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

குழாய் எந்த வழியாகப் போகும் என்று தெரிந்ததும் அவருடைய முகம் தொங்கிவிட்டது. மருத்துவர் ஒரு பெண் என்று தெரிந்ததும் இன்னும் தொங்கிற்று. குடலைச் சுத்தம் செய்வதற்காக முந்தைய நாள் குடம் குடமாக மருந்துத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் குளியலறையில் தாழிட்டுக்கொண்டு, ஓசை வெளியே கேட்கக்கூடாதென்று குழாயைத் திறந்து விட்டிருந்தார். அவள் கதவுக்கு வெளியே நின்று, இது முதல் அலசலா, இரண்டாம் அலசலா என்று கேட்டாள். உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவர்கள் இருவருக்குள் எதைச் சொன்னாலும் தகும். அவளுக்கு அது தெரியும். இருவர் என்பது எங்கே முடிகிறது என்பதுதான் தெரியவில்லை.

குடலின் வலப்பக்கத்தில் தட்டையாகப் படர்ந்த சதைமொட்டு ஒன்று இருந்தது. பாலிப் என்றார்கள். விட்டுவைத்தால் புற்றாக மாறக்கூடிய இனம். கம்பி வளையத்தை மாட்டி, மின்சூட்டால் அறுத்து அப்போதே எடுத்துவிட்டார்கள். வெளியே வந்த மருத்துவர் அவளை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். அறுத்த இடத்தில் பொருக்குக் கட்டும். அது உதிரும்போது இரத்தம் வரலாம். பெரும்பாலும் வராது, வந்தால் ஒருவாரம் கழித்தும் வரும், அதற்குப் பின்னும் வரும். மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். குடலில் துளை விழுவது அதனினும் அரிது. வயிறு கல்லாக இறுகி வலித்தால் ஒரு கணமும் தாமதிக்கக்கூடாது. கனமான எதையும் தூக்கக்கூடாது.

"இரத்தம் கொஞ்சம் பட்டாலும் எனக்குத் தெரியணும்மா. ஆம்பளைங்க சொல்ல மாட்டாங்க. நீங்கதான் பாத்துக்கணும்."

"எங்க வீட்டுல கறை தப்பிக்கவே முடியாது டாக்டர்" என்று அவள் சொன்னாள். மருத்துவர் சிரித்தார். தன் பேச்சு எடுபட்டதில் அவளுக்கு மகிழ்ச்சி.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய தம்பி வீட்டில் சாப்பாடு. தம்பி வாகன உதிரிப் பொருள்களை விற்பவர். கடையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலாகப் பேசிப் பேசி, வீட்டிலும் அதே குரல். மேசையைச் சுற்றி தம்பியின் மனைவி, பிள்ளைகள், மருமகள் எனக் கூட்டம். மருத்துவமனைக்குப் போனது எதற்கு என்று யாரோ கேட்டார்கள். வயிறு கொஞ்சம் சரியில்லை என்றார் அவர். கேட்டவர்களும் அத்துடன் விட்டுவிட்டார்கள். அவள் விடவில்லை. அத்தனை முகங்களும் தன் பக்கம் திரும்பக் காத்திருக்கும்போது அவளால் சும்மா இருக்க முடிந்ததே இல்லை.

"முப்பது வருஷமா ஊர்க்காரங்க துணியெல்லாம் புரட்டிப் போட்டு உள்பக்கம் பாத்தாரு இல்லையா? இப்ப டாக்டரம்மா இவரைப் புரட்டிப் போட்டு உள்பக்கம் பாத்துட்டாங்க. கறை ஒண்ணு இருந்துச்சாம். எடுத்துட்டு, சூட்டோட சூடா அங்கேயே இஸ்திரியும் போட்டு அனுப்பிட்டாங்க."

மேசை அதிர்ந்தது. தம்பிக்குச் சிரிப்பில் புரையேறிற்று. புரை அடங்கியதும், "நாங்கல்லாம் வாசல்ல மணியடிச்சுட்டுத்தான் வருவோம் அண்ணே. அந்தம்மா கொல்லைப்பக்கமாவே வந்துட்டாங்களா?" என்றார். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கைதுடைக்கும் துணியை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடியும் நான்காக மடித்தார். தோள் குலுங்கவில்லை. அதை அவள் பார்க்கத்தான் செய்தாள். ஆனால் அப்போது அடுத்த சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டிருந்தது.

திரும்பும்போது பேருந்தில் அவர் சொன்னது ஒன்றே ஒன்று.

"பிள்ளைங்களும் இருந்தாங்க."

சிரிக்கத்தானே சொன்னேன் என்றாள் அவள். ஆமாம் என்று தலையசைத்துவிட்டு அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு தம்பி கடைக்குத் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம், உள்பக்கம் எப்படி இருக்கிறது என்றுதான் தொடங்குவார். இவர் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு ரிசீவரை மெல்ல வைத்துவிடுவார்.

மருத்துவர் சொல்லியிருந்தபடி அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனித்தாள். கவனித்தாள் என்றால், அவருடைய துணிகளைப் பார்த்தாள். முதல் சில நாள் அழுக்குக் கூடையில் பார்த்தாள், எதுவும் இல்லை. அதன்பின் ஒருநாள் கூடையில் அவருடைய துணியே இல்லை. கடைக்குப் போனால், பின்கட்டுக் கொடியில் உள்ளாடைகளும் படுக்கை விரிப்பும் பால் வெள்ளையாக உலர்ந்துகொண்டிருந்தன. அன்றைக்கு அவர் அவளுக்கு முன்பே கிளம்பிக் கடைக்குப் போயிருந்தார். மறுநாளும் அப்படியே. வேலையில் பழைய ஊக்கம் வந்துவிட்டது என்று அவளுக்கு நிம்மதி. விரிப்பின் வெண்மையைத் தொட்டுப் பார்த்து, இந்த ஊரில் இப்படி வெளுக்க வேறு யார் இருக்கிறார்கள் என்று பெருமையும் பட்டுக்கொண்டாள்.

அன்று பிற்பகல் மருத்துவமனையிலிருந்து செவிலி அழைத்து நலம் விசாரித்தார். வலி உண்டா, காய்ச்சல் உண்டா, இரத்தம் ஏதேனும் கண்டதா?

"ஒரு பொட்டுகூட இல்லைங்க. துணியெல்லாம் நான்தான் பாக்கறேன். பளிச்சுனு இருக்கு" என்றாள் அவள்.

பின்கட்டு மேசையருகே அவர் நின்றிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. கையில் எடுத்த சட்டையைப் புரட்டாமலே சற்று நேரம் வைத்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்போது நினைத்ததாக, அவர் சொல்லிப் பிற்பாடு அவளுக்குத் தெரிந்தது. இரத்தக் கறை சூட்டில் நிலைத்துவிடும், பச்சைத் தண்ணீரில் போய்விடும் என்பது அவருக்குக் கைவந்த பாடம். வாழ்நாள் முழுவதும் பிறருடைய மானத்துக்குச் செய்த வேலையை, தம்முடைய மானத்துக்கும் செய்துகொண்டிருந்தார். வேறொருவராக இருந்தால் கறை காட்டிக்கொடுத்திருக்கும். அவரிடம் எந்தக் கறையும் தங்காது.

மறுநாள் அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கடைக்குப் போனாள். முன்மேசையில் யாரும் இல்லை. பின்கட்டில் தண்ணீர்க் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அவர் சலவை இயந்திரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். வெளுத்த துணிக்கும் முகத்துக்கும் வேறுபாடில்லை. பக்கத்தில் தொட்டி நிறையச் சிவந்த தண்ணீர். அதில் விரிப்பு ஊறிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். உதடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"சிவப்பு மை."

அவள் குழாயை மூடிவிட்டு வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள்.

மருத்துவமனையில் எத்தனை நாளாக, எவ்வளவு போகிறது என்று மருத்துவர் கேட்டார். கொஞ்சம் என்றார் அவர். கொஞ்சம் என்றால் எவ்வளவு? அவர் கட்டிலின் காலடியைப் பார்த்தார். அங்கே தம்பி நின்றிருந்தார். செய்தி கேட்டு ஓடிவந்து, எல்லோருக்கும் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்து, கொஞ்சம் வெளியே இருக்கும்படி சொன்னாள்.

"நான் என்ன அன்னியனா அண்ணி?"

"இல்ல தம்பி. அதனாலதான் போகச் சொல்றேன்."

தம்பி போன பிறகு, அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். முந்தைய நாள்களில் வந்ததையும், நேற்று அதிகமானதையும், தலைசுற்றியதையும், தொட்டித் தண்ணீரை மாற்றி மாற்றி அலசியதையும் சொன்னார். மருத்துவர் எழுதிக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"போன்ல கேட்டப்ப ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களாமே?"

"துணி சுத்தமா இருந்துச்சு" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அந்தச் சொற்கள் எவ்வளவு கேவலமானவை என்று உறைத்தது. மனிதரைப் பார்க்கச் சொன்னார்கள். அவள் துணியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

மறுபடியும் குழாய் விட்டு, இரத்தம் கசிந்த இடத்தைச் சிறிய உலோகக் கவ்விகளால் கவ்வி அடைத்தார்கள். புட்டி புட்டியாக இரத்தம் ஏற்றினார்கள். இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் என்று தொடங்கிய மருத்துவர், அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்காமல் போனார்.

அவர் முகத்தில் நிறம் திரும்பியதும், இத்தனைக்குப் பிறகும் தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை. இது எண்ணெய்க் கறை, இது துருக் கறை என்று சொல்வதுபோலச் சொன்னார்:

"சொன்னா, நீ சொல்லுவியே."

அன்றிலிருந்து அவள் வாய் அடைத்துப்போயிற்று. கடையில் இரசீது கொடுத்தாள், தேதி சொன்னாள், அவ்வளவுதான். வாடிக்கையாளர்கள் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். குடும்பம் கூடுகிற இடங்களில் பரிமாறுகிற சாக்கில் சமையலறையிலேயே நின்றுகொண்டாள். யாராவது பழைய நினைவில், அண்ணி ஏதாவது சொல்லுங்களேன் என்றால், காது முதல் கழுத்துவரை சூடேறிற்று. தன்னுடைய கறையை ஒருவர் சிவப்பு மையாக்கி மூடி வைத்திருந்ததும், அவருடையதைத் தான் சாப்பாட்டு மேசையில் விரித்துப் போட்டதும் அடுத்தடுத்துக் கண்முன் வரும். மன்னிப்புக் கேட்கலாந்தான். கேட்பதற்கு அதையே திரும்பவும் எடுத்துப் பேச வேண்டியிருக்கிறதே என்று அதையும் விட்டுவிட்டாள்.

வீட்டின் அந்த அமைதி அவருக்குப் பிடிக்கவில்லை என்பது, அவர் செய்த ஒரு காரியத்தில் தெரிந்தது. வாழ்நாளில் எந்தத் துணியைப் பற்றியும் வாய் திறக்காதவர், ஒருநாள் முன்மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, பருமனான அந்தப் பழைய வாடிக்கையாளரின் மேற்சட்டைப் பையில் பாதி தின்ற கேக் இருந்ததாகச் சொன்னார்.

"டாக்டர் அவருக்கு இனிப்பே ஆகாதுன்னுட்டாராம். அதான் பையில போட்டுப் பூட்டி வச்சிருக்காரு."

சொல்லிவிட்டு அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அப்படியா என்றாள் அவள். அவர் பின்கட்டுக்குத் திரும்பிப் போனார். தனக்காக அவர் தம் விரதத்தையே முறித்துக்கொள்கிறார் என்று புரிந்தபோது, அவளுக்கு முன்னைவிட வெட்கமாக இருந்தது. அதன்பின்னும் அவர் அவ்வப்போது ஏதாவதொன்றைக் கொண்டுவருவார். அவள் அப்படியா என்பாள்.

இடைவெளி விட்டு விட்டுப் பரிசோதனைகள் நடந்தன. ஒவ்வொரு முறையும் அவள் கூடவே போனாள். வந்த பின், துணியைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள், நேராகக் கேட்டாள். அவரும் நேராகவே பதில் சொல்லப் பழகிவிட்டார். சில ஆண்டுகள் கழித்துப் பழைய தழும்பின் ஓரத்தில் மற்றொரு மொட்டு முளைத்திருந்தது. தழும்புப் பகுதியில் எடுப்பது கடினம், ஆபத்தும் கூடுதல் என்று மருத்துவர் முன்னதாகவே சொல்லித்தான் எடுத்தார். வீட்டுக்கு வந்து, பிற்பகலில் சாய்ந்திருந்தவர் அவளைக் கூப்பிட்டார்.

"வயிறு கல்லாட்டம் இருக்கு. வலி தோள்வரைக்கும் வருது. நாளைக்குன்னு சொல்ல மாட்டேன், இப்பவே கிளம்பலாம்."

ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை. குடலில் துளை விழுந்துவிட்டது. வயிற்றைத் திறந்து தைத்தாக வேண்டும் என்றார்கள். சீக்கிரமாகக் கொண்டுவந்தது நல்லது. ஆனால் இவருடைய இதயம் தாங்குமா என்பதை உறுதியாகச் சொல்வதற்கில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

அறுவை அரங்கின் கதவுக்கு முன்னால் தள்ளுகட்டிலை நிறுத்தியிருந்தார்கள். தம்பியும் அவருடைய மனைவியும் வந்துவிட்டார்கள். தம்பிக்கு முடியெல்லாம் கொட்டி, குரலும் இறங்கியிருந்தது. மகளின் விமானம் இன்னும் தரையிறங்கவில்லை. அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று தம்பி மெல்லக் கேட்டார்.

"வயிறு கொஞ்சம் சரியில்ல தம்பி" என்றாள் அவள்.

கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தவருக்கு அது கேட்டுவிட்டது. கண்ணைத் திறந்தார். அன்று தம்பி வீட்டில் தாம் சொன்ன சொல்லையே அவள் காவலாக எடுத்து வைத்திருப்பதைப் பார்த்ததும், உதட்டோரம் இலேசாக அசைந்தது. தம்பியைக் கிட்டே வரும்படி விரலால் அழைத்தார். பிறகு அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். தள்ளுகட்டிலுக்குரிய பணியாள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கதவைத் தாண்டிய பின் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, கேட்க வாய்க்கவில்லை. கடைசியாகக் கேட்டது இதுதான்:

"அன்னைக்கு இவன் வீட்டுல ஒண்ணு சொன்னியே, உள்பக்கம், இஸ்திரின்னு. அதை முழுசா இன்னொரு தரம் சொல்லு. அன்னைக்கு நான் சரியா கேக்கலை."